சுமங்கலித் திட்டம் என்னும் வழக்கும் வினைமுதன்மையும்: வேலம்பாளையத்து ஆலைமகளிர் மொழிபற்றிய ஓர் ஆய்வு

திருப்பூரின் வடபால், அவிநாசி செல்லும் பெருவழிக்கு அணித்தாக அமைந்த ஊர் வேலம்பாளையம். பதினைந்து வேலம்பாளையம் என எண்ணொடு புணர்த்து வழங்குதல் அவ்வூர்க்கு மரபு. தனி நகராட்சியாய் இருந்த இவ்வூர் 2011ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. அயலிலுள்ள அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலாற் பெயர்பெற்றது போல, இவ்வூர் பனியன் தொழிலால் வளர்ந்தது. இங்குள்ள லைன் வீடுகளிலும் தொழிலகங்களைச் சார்ந்த விடுதிகளிலும் தேனி, திண்டுக்கல், நெல்லை முதலிய தென்மாவட்டத்துப் பெண்டிரும், ஒடிசா, சார்க்கண்டு, பீகார், அசாம் ஆகிய வடபுலத்துப் பெண்டிரும் வாழ்கின்றனர். அவருட் சிலர் தாமே விரும்பி வந்தோர். சிலர் ஏமாற்றிக் கொணரப்பட்டோர். பலர் இவ்விரண்டற்கும் இடைப்பட்டோர். இடைப்பட்ட இந்நிலையைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்கள் யாவை, அச்சொற்கள் அப்பெண்டிர்க்கு எத்துணை நீதி செய்கின்றன என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுவது.

இப்பொருள் சமூகவியலார்க்கும் சட்டநூலார்க்கும் உரியதன்றோ, தமிழ்த்துறையார்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவார் உளராவர். ஒரு பெண்ணின் மூவாண்டு உழைப்பு ஒரு பெயரின் கவர்ச்சியால் கைப்பற்றப்பட்டதாயின், அப்பெயரை ஆராயும் கடப்பாடு சொல்லாராய்ச்சி செய்வார்க்கே முதற்கண் உரியது என்பது எம் விடை.

அப்பெயர் 'சுமங்கலித் திட்டம்' என்பது. கொங்கு மண்டலத்து நூற்பாலைகளிற் பரவலாக வழங்கிய ஆட்சேர்ப்பு முறையின் பெயர் அது. பதின்பருவத்துப் பெண்கள், பெரும்பாலும் வறிய குடும்பத்தினர், அவருள்ளும் பெரும்பகுதியினர் தலித் குடும்பத்தினர், ஊர்தோறும் சென்ற தரகர்களால் ஆலைக்கு அழைத்துவரப்பட்டனர். அவர்கள் ஆலையின் விடுதியில் தங்கி ஏறத்தாழ மூன்றாண்டு உழைத்தல் வேண்டும். மாதந்தோறும் சிறுதொகையே கையிற் கிடைக்கும். மூன்றாண்டு முடிவில் ரூ. 30,000 முதல் 50,000 வரை ஒரு மொத்தத் தொகை தரப்படும். அது திருமணச் செலவிற்கு, வெளிப்படச் சொல்லின் வரதட்சணைக்கு, ஆகும் என்பது பேச்சு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டுவிட்டது என்பதை ஈண்டு நினைவு கூர்க. இடையில் நோயுற்றோ மனம் வெறுத்தோ வெளியேறுவாள் அத்தொகை முழுவதையும் இழக்க நேர்ந்தது பலவிடத்தும் காணப்பட்டது. விடுதியினின்று தனியே வெளிச்செல்லல், வீட்டாரோடு தொலைபேசியிற் பேசல் ஆகியனவும் கட்டுப்படுத்தப்பட்டன. நெதர்லாந்து நாட்டுச் சோமோ ஆராய்ச்சி நிலையமும் அந்நாட்டிலுள்ள இந்தியக் குழுவும் 2011 மே மாதத்திலும், பின்னர் 2012, 2014ஆம் ஆண்டுகளிலும் வெளியிட்ட அறிக்கைகள் இம்முறையை உலகறியச் செய்தன. அதன்பின் அப்பெயர் விளம்பரங்களினின்றும் மறையலாயிற்று. ஆனால் விடுதியொடு பிணைந்த வேலைமுறை பெயரோடு மறைந்துவிடவில்லை.

இம்முறையில் நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கொத்தடிமை என்பது முன்பணத்தால் விளைவது. ஆண்டை கொடுத்த கடனைத் தீர்க்கும்வரை ஆள் கட்டுண்டு கிடப்பான். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டமும் முன்பணத்தைப் பெரிதும் கருத்திற் கொண்டே எழுந்தது. சுமங்கலித் திட்டத்திலோ ஆலை கடன் கொடுக்கவில்லை. தன் கூலியின் ஒரு பகுதியை மூன்றாண்டு ஆலையிடமே விட்டுவைத்த பெண்ணே கடன் கொடுத்தவள்! கடன் கொடுத்தவள் கட்டுண்டாள், பெற்றவர் கட்டினார். இத்தலைகீழ் நிலையைச் சுட்ட நம் வழக்கில் ஒரு சொல் இல்லாமையாற் போலும், முறை நெடுங்காலம் குற்றமெனவே தோன்றாதிருந்தது.

இனிப் பெயரை நோக்குவாம். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தமை யாவரும் அறிந்ததே. மங்கலமல்லாததை மங்கலச் சொல்லாற் கூறுவது மங்கல வழக்கு. சுடுகாட்டை நன்காடு என்றல் போல்வது. கணவன் வாழ இருப்பாளைக் குறிக்கும் வடசொல் சுமங்கலி. வாழ்வரசி, கட்டுக்கழுத்தி எனத் தமிழிலும் அதற்கு வழக்குண்டு. மணமாகாத பெண்ணொருத்தி சுமங்கலியாதல் யாங்ஙனம்? அவள் மூன்றாண்டிற்குப் பின் அடையக்கூடும் நிலையின் பெயரை இன்றைய உழைப்பிற்குச் சூட்டியதே இங்கு நிகழ்ந்தது. எதிர்காலப் பொருளால் நிகழ்கால வினைக்குப் பெயரிட்டமையின், நிகழ்காலத்துக் கூலி யாது என்னும் வினா எழவே இடமில்லாதாயிற்று. மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்னும் வேறு பெயர்களும் இவ்வகையினவே. ஆலையினுள்ளே இதே முறைக்குக் 'கேம்ப் கூலி' என்று பெயர். முன்னது மங்கலம், பின்னது குழூஉக்குறி. பெற்றோர்க்கு ஒரு சொல், மேற்பார்வையாளர்க்கு ஒரு சொல், பொருள் ஒன்றே. விடுதியை 'ஹாஸ்டல்' என்றதும் அத்தகையது. பள்ளி மாணவியர் விடுதிக்கு வழங்கும் சொல்லாதலின், மகளைப் படிக்க அனுப்புவது போன்ற அமைதியைப் பெற்றோர்க்கு அது தந்தது.

'திட்டம்' என்னும் பின்மொழியும் எளிதன்று. நாட்டுப்புறத்தார்க்குத் திட்டம் என்பது அரசு தருவது. தமிழ்நாட்டரசு 1989இல் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கென உதவித் திட்டம் ஒன்றை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் தொடங்கியது. ஆலைத் திட்டங்களின் பெயர்கள் அரசுத் திட்டத்தின் பெயர்போல ஒலித்தமை தற்செயலோ அன்றோ, கேட்டார்க்கு மயக்கம் விளைத்தல் கூடும் என்பதில் ஐயமில்லை. அவ்வரசுத் திட்டம் 2022இல் உயர்கல்விக்கான புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது.

அம்மையார் பெயர் வந்தமையின் அவர் வாழ்வை ஒருசிறிது கூறாமற் செல்லல் ஆகாது. 1883இற் பிறந்த அவர், வறுமையின் காரணமாகத் தம் தாயால் இளம்பருவத்திலேயே பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் தாசி ஒருத்தியிடம் விற்கப்பட்டவர் என்பது அவர்தம் வரலாற்றிற் சொல்லப்படுவது. அம்முறையினின்றும் தாமே வெளிவந்து, அதனை ஒழிக்க ஊர்தோறும் பேசி, 1936இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினத்தையும் எழுதினார். சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழித்த சட்டம் 1947இல் நிறைவேறியபோது அவர் உயிருடன் இருந்தார். விற்கப்பட்ட பெண் என்று அவரை எவரும் இன்று அறிமுகப்படுத்துவதில்லை. அவரைப் பற்றிய தொடர்களில் எழுவாய் அவரே.

ஆளை விற்றலும் வாங்கலும் நம் நாட்டிற்குப் புதியனவல்ல. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், கி.பி. 1201ஐ ஒட்டி, தஞ்சைப் பகுதியிலுள்ள திருப்பாம்புரத்தில் வேளாளன் ஒருவன் தானும் தன் மகளிர் இருவருமாகக் கோயிலுக்கு 110 காசுக்கு அடிமையாக விற்றுக்கொண்ட செய்தியைக் கல்வெட்டுக் கூறுகின்றது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சகாலம் அது. அம்மகளிர் இருவரின் விருப்பம் யாது என்பது கல்லில் இல்லை. தந்தை விற்கும் வினைக்கு எழுவாயாகிறான். மகளிர் தொகையில் அடங்கிவிடுகின்றனர். எண்ணூறு ஆண்டுகட்குப் பின்னரும் ஆலைத் தரகனிடம் ஒப்புதல் கூறியவர் தந்தையோ தாயோதான். பெண்ணின் கையிற் படி ஒன்றேனும் இருப்பது அரிது.

ஆவணம் இல்லாமை சிறு குறையன்று. சேக்கிழார் தடுத்தாட்கொண்ட வரலாற்றில் ஆளோலை வழக்கினைக் கூறுமிடத்து, அனுபவம், ஆவணம், அயலார் சான்று என்னும் மூன்றனுள் ஒன்றால் வழக்கை நிறுவுக என அவையத்தார் கேட்பதாக அமைத்தார். அடிமைகொள்ள வருவோன் மெய்ப்பிக்கும் பொறுப்புடையவன் என்பதே அவ்வவையின் நடைமுறை. சுமங்கலித் திட்டத்திற் பொறுப்பு இடம் மாறியது; தான் உழைத்ததையும் தனக்குரிய தொகையையும் பெண்ணே மெய்ப்பிக்க வேண்டியவளானாள். அனுபவம் ஆலைச் சுவர்க்குள். ஆவணம் ஆலை அலுவலகத்தில். சான்று கூறத்தக்க தோழியரோ அதே விடுதியில். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணிமார் காலத்து வழங்கிய 'துண்டு' முறையையும் இதனோடு ஒப்பிடலாம். தொழிலாளியின் கடன்தொகை எழுதிய அச்சீட்டு இன்றி ஒருவன் வேறு தோட்டத்திற்குச் செல்ல இயலாது. அக்கடனைப் புதுத் தோட்டத்தார் ஏற்றால் மட்டுமே அவன் பெயரலாம். 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் தொகுதிகள் 1936இல் நிறைவுற்றமையின் கங்காணியை அதிற் காணலாம். கேம்ப் கூலியை எந்த அகராதி ஏற்கும் எனப் பொறுத்துத்தான் பார்த்தல் வேண்டும்.

சட்டத்தின் மொழியை இனி நோக்குவாம். இந்திய அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு மனிதரை வாணிபப் பொருளாக்கலையும் கட்டாய உழைப்பையும் விலக்குகின்றது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டடப் பணியாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ்ப்பட்ட கூலிக்கு வேலைவாங்குதலும் அவ்வுறுப்பு விலக்கும் கட்டாய உழைப்பே என உச்சநீதிமன்றம் 1982இல் முடிவு கூறியது. வறுமையின் நெருக்கமும் ஒருவகைக் கட்டாயமே என்னும் அம்முடிவு பெரிதும் போற்றத்தக்கது. 2000ஆம் ஆண்டின் பலெர்மோ உடன்படிக்கை ஆள்கடத்தலுக்கு மூன்று கூறுகளை வகுத்தது: ஆளைச் சேர்த்தல், கொண்டுசெல்லல் முதலிய செய்கை; அச்சுறுத்தல், ஏமாற்று முதலிய வழி; சுரண்டல் என்னும் நோக்கம். இந்தியா 2011இல் அதனை ஏற்றுறுதி செய்தது. 2013இல் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு அதற்கேற்ப மாற்றப்பட்டது. 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 143ஆம் பிரிவு அவ்விடத்தில் உள்ளது. பாதிக்கப்பட்டவர் இசைந்தாரா என்பது குற்றத்தைத் துணிதற்கண் பொருட்டன்று என்று இப்பிரிவு தெளிவாகக் கூறும்.

தொல்காப்பியர் தொழிலின் முதனிலைகளை எட்டாக வகுத்தார். சட்டம் வேண்டும் மூன்றும் அவ்வெட்டனுள் வினை, கருவி, பயன் ஆகியவற்றோடு ஒருவாறு ஒத்து நிற்கக் காண்கிறோம். வினைமுதல் தரகனும் ஆலையும், பெண் செயப்படுபொருள். குற்றத்தை நிறுவுதற்கு இப்பாகுபாடு சாலும். ஆனால் பெண்ணின் வாழ்வு அக்குற்றத்தோடு முடிந்துவிடவில்லை என்பதே இடர்ப்பாடு. அறிக்கைகளைப் புரட்டின் 'கடத்தப்பட்ட பெண்கள்', 'மீட்கப்பட்ட பெண்கள்', 'மறுவாழ்வு அளிக்கப்பட்ட பெண்கள்' என்னும் செயப்பாட்டு வினைகளே அடுக்கி வருகின்றன. கெடுத்தாரும் எழுவாய், காத்தாரும் எழுவாய். இடையில் அவள் செய்தது ஒன்றுமில்லையா?

இவ்விடத்தில் ஓர் அச்சம் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. பெண்ணும் வினைமுதலே என்று யாம் கூறின், 'அவளே விரும்பி வந்தாள்' என்று சொல்லக் காத்திருக்கும் ஆலையார்க்கு அது துணையாகுமே என்பர். இவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் நம் இலக்கணம் இதற்கு வழி காட்டுகின்றது. ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இரு கருத்தாக்களை அது வேறுபடுத்தும். கோயிலை அரசன் எடுத்தான் என்றலும் தச்சன் எடுத்தான் என்றலும் ஒரே காலத்தில் மெய். ஒன்றை ஏற்றல் மற்றொன்றை மறுத்தலாகாது. ஏவினவன் குற்றத்திற்குப் பொறுப்பு அவனுடையதாகவே நிற்க, ஏவப்பட்டவளின் வினை அவளுடையதாகவே நிற்கும். ஆதலின் மேனாட்டார் இக்காலத்து 'ஏஜென்சி' என வழங்கும் கருத்தினை, முகவர் தொழிலோடு மயங்கவைக்கும் முகவாண்மை என்னாது, வினைமுதன்மை என்பதே பொருத்தமாம் என்பது எம் கருத்து. தரகனையும் 'ஏஜெண்ட்' என்றே இம்மக்கள் அழைப்பதால் அம்மயக்கம் நகைப்பிற்கிடமாயும் முடியும். தன் குறிக்கோளைத் தானே வகுத்து அதன்வழி ஒழுகும் ஆற்றல் என நைலா கபீர் 1999இல் வரைந்த விளக்கமும் வினைமுதன்மைக்கு ஒத்ததே.

வேலம்பாளையத்துப் பேச்சு வழக்கில் இதற்குச் சான்று உண்டு. ஆலைக்குச் சென்ற கதையைப் பெண்கள் சொல்லுங்கால் வினை பெரும்பாலும் பிறர்மேல் நிற்கும்: 'எங்கம்மா சேத்து உட்டாங்க', 'ஏஜெண்டு கூட்டிட்டு வந்தாரு'. வெளிவந்த கதையில் அவ்வினை தன்மேல் வந்துவிடும்: 'நின்னுட்டேன்', 'வந்துட்டேன்', 'கணக்கு முடிச்சுட்டேன்'. இவற்றுள் 'நின்றுவிட்டேன்' என்பது ஆராயத்தக்கது. நிற்றல் என்பதற்கு நிலைபெறல் எனவும் ஒழிதல் எனவும் இருபொருள் உண்டு. மழை நின்றது என்புழி ஒழிதல். வேலையை விட்டு நிற்றல் என்பது ஒழிதற் பொருளதே. ஆயினும் 'நிறுத்திவிட்டார்கள்' என்னும் பிறவினையை விடுத்து 'நின்றுவிட்டேன்' என்று தன்வினையாற் கூறுபவள், தொகையை இழந்தேனும் தான் முடிவுசெய்ததை அறிவிக்கிறாள். 'கணக்கு முடித்தல்' என்பதோ வணிகர் வழக்கு. அதனை ஒரு தொழிலாளிப் பெண் ஆளும்போது, தான் கடன் கொடுத்தவள் என்னும் உண்மையை, மேலே யாம் பல வரிகளிற் கூறியதை, இரு சொற்களிற் கூறிவிடுகிறாள்.

மீட்பு, மீட்சி என்னும் இரு சொற்களையும் இவ்வாறே வேறுபடுத்தல் வேண்டும். முன்னது பிறவினைப் பொருட்டு, பிறர் செய்வது. பின்னது தன்வினைப் பொருட்டு, தானே மீள்வது. 'ரெசிலியன்ஸ்' என்பதற்கு மீள்திறன் என வழங்கும் பெயர்ப்பு நன்றே. ஆனால் அலுவலகத் தாள்களில் மீட்பு மட்டுமே பதிவாகின்றது. பொங்கலுக்கு ஊருக்குச் சென்ற பெண் திரும்பி வராது தங்கிவிடுதல், தோழியர் ஒருசேரப் பணிக்கு மறுத்தல், ஆலையை விட்டுத் தையல் பழகிப் பனியன் தொழிலுக்குப் பெயர்தல் இவையெல்லாம் மீட்சி. எந்த எண்ணிக்கையிலும் இவை வருவதில்லை. நோயுற்று ஊர் திரும்பி எழாமற் போனவர்களும் வருவதில்லை என்பதையும் உடன் கூறல் வேண்டும். மீள்திறனைப் புகழ்வோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

பனியன் தொழிலுக்குப் பெயர்தல் என்றோம். அதன் சிறப்பு யாது? நூற்பாலை உழைப்பும் பனியன் கம்பெனி உழைப்பும் கடுமையில் பெரிதும் வேறல்ல. பருத்திப் பஞ்சுத்தூசியிடையே இரவு ஷிப்ட் நின்றவள் இங்கே ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் எனத் தையற்பொறிமுன் அமர்கிறாள். வேற்றுமை கூலியின் கால இடைவெளியில் உள்ளது. திருப்பூரிற் பெரும்பான்மையும் சனிக்கிழமைச் சம்பளம். ஆறு நாள் உழைப்புக்கு மேல் முதலாளியிடம் அவளது பொருள் தங்குவதில்லை. ஆதலின் பிடிக்காத இடத்தை விட்டு நீங்கினால் இழப்பது மிகுதியாயின் ஒரு வாரக் கூலி. மூன்றாண்டுக் கூலி ஓரிடத்திற் கிடந்தபோது அவள் எண்ணிப் பார்த்தற்கும் இயலாத செயல் இங்கே எளிதாகின்றது. தொழிலக வாயில்களில் 'சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை' என எழுதித் தொங்கும் பலகைகளை அவள் படித்துக்கொண்டே நடக்கலாம். கூலி என்பது குறளில் ஆளப்பட்ட பழஞ்சொல். அதனைத் தருங்காலம் யாது என்பதில் ஒரு பெண்ணின் உரிமை இத்துணை அடங்கியிருத்தலை நம் பொருளியல் நூலோர் இன்னும் விரித்துரைத்தல் வேண்டும்.

வடபுலத்து மகளிர்க்கு இந்நிலை அத்துணை எளிதன்று. 2014இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய ஊரகத் திறன் பயிற்சித் திட்டத்தின் வழியும் பிற வழிகளிலும் ஒடிசாப் பெண்கள் பலர் இங்குத் தையற்பணிக்கு வந்தனர். ஒடியா பேசுவாரையும் சந்தாலி பேசுவாரையும் ஊரார் 'இந்திக்காரங்க' என ஒரே பெயரில் அடக்குவர். வாயிற்பலகை தமிழில் உள்ளது. அதனைப் படிக்க இயலாதாள் விடுதிக்காரரையும் அழைத்துவந்தோரையும் சார்ந்தே நிற்றல் வேண்டும். 2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தபோது, அடைபட்ட தொழிலகங்களின் விடுதிகளில் இவர்கள் ஊர் திரும்பும் வழியின்றித் தவித்தனர். தையல் பழகிய சில திங்களில் 'ஷிப்ட்', 'பீஸ்', 'கணக்கு', 'லீவு' என்னும் சொற்களை இவர்கள் பற்றிக்கொள்வர். எழுவாய் பயனிலை அமைந்த தமிழ்த்தொடர் பின்னர்த்தான் வரும். ஒரு மொழியைக் கற்போர் முதலிற் கற்பது கூலி பேசும் சொற்களையே என்பது மொழியியலார்க்கும் பயன்படும் செய்தி.

கிரேசு கார்சுவெல், கீர்ட் டி நீவ் என்னும் இரு ஆய்வாளர் திருப்பூர்த் தொழிலாளர் பற்றி 2013இல் எழுதிய ஆய்வில், தொழிலாளரின் வினைமுதன்மை ஆலைக்குள் மட்டும் உருவாவதன்று; சாதி, பால், குடும்பப் பொறுப்பு, ஊர்த்தொடர்பு ஆகியவற்றாலும் உருவாவது என நிறுவினர். இக்கருத்தை யாம் ஏற்கிறோம். ஆனால் தனியொருத்தி ஆலைக்கு ஆலை மாறுதலையே வினைமுதன்மையின் உச்சமாகக் கொள்ளின் குறைபடும். மாறுதற்கு இடமில்லாதாள் என் செய்வாள்? 2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிலகம் ஒன்றில் பணியாற்றிய இளம் தலித் பெண் கொலையுண்டாள். மேற்பார்வையாளன் ஒருவன் அக்கொலைக்காகக் கைது செய்யப்பட்டான். தலித் மகளிர் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் அதன்பின் ஓராண்டுக்கு மேற் போராடி, 2022 ஏப்ரலில் அந்நிறுவனத்தோடும் எச் அண்டு எம் என்னும் வெளிநாட்டு ஆடை வணிகரோடும் திண்டுக்கல் உடன்படிக்கையைச் செய்தது. தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று வேலைத்தளத்திற் கண்காணிப்பாளராக நிற்கவும், முறையிட்டாரைப் பழிவாங்கல் விலக்கப்படவும், உடன்படிக்கை மீறப்படின் வணிகர் தம் வாணிபத்தாற் பதில் சொல்லவும் அதில் வகை செய்யப்பட்டது. இங்கே ஆவணம் ஒன்று பெண்களின் கைக்கு வந்தது. கையொப்பமிட்ட தரப்புகளுள் ஒன்று அவர்களே அமைத்த சங்கம். பெற்றோரோ தரகரோ அவர்கட்காக ஒப்பமிடவில்லை. அவ்வுடன்படிக்கை செய்த தொழிலகங்கள் திண்டுக்கல்லில் உள்ளன. வேலம்பாளையத்தில் அத்தகைய ஆவணம் இன்னும் எழுதப்படவில்லை. வாயிற்பலகை ஒன்றே உள்ளது.